ரத்த ரிப்போர்ட்டில் வெள்ளை அணு கூடுதல், குறைவு... 'டி72.829' என்ற கோட் என்ன சொல்கிறது? முழு விளக்கம்

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் முதலில் எழுதித் தருவது ரத்தப் பரிசோதனைதான். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நம் கண் போவது தடித்த எழுத்தில் இருக்கும் எண்ணுக்கு. 'டோட்டல் கவுண்ட் 16,400' என்று போட்டு, பக்கத்தில் 'ஹை' என்று இருந்தால் உடனே போனை எடுத்துத் தேட ஆரம்பித்துவிடுவோம். சாதாரண தொண்டைப் புண்ணில் தொடங்கி ரத்தப் புற்றுநோய் வரைக்கும் எல்லாம் வரிசையாக வரும். பயம்தான் மிச்சம்.

அந்த எண்ணின் வேலை அதோடு முடிவதில்லை. லேப் ரிப்போர்ட்டில் இருந்து டாக்டரின் குறிப்புக்கு, அங்கிருந்து டிஸ்சார்ஜ் சம்மரிக்கு, அங்கிருந்து ஒரு கோடுக்கு, அந்தக் கோடில் இருந்து இன்சூரன்ஸ் கம்பெனியின் மேசைக்கு என்று அது பயணம் போகிறது. வழியில் ஒரு வார்த்தை மாறினால் கிளைம் நிராகரிக்கப்படலாம். இன்னும் மோசமாக, இல்லாத புற்றுநோய் ஒருவரின் மருத்துவப் பதிவில் ஏறிவிடலாம்.

வெள்ளை அணு எண்ணிக்கை எப்படிக் கோடாகிறது, அதில் டாக்டரின் பங்கு என்ன, மெடிக்கல் கோடரின் பங்கு என்ன, நோயாளியாக நாம் எதைக் கவனிக்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், எது நார்மல்?

வளர்ந்தவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சுமார் 4,000 முதல் 11,000 வரை வெள்ளை அணுக்கள் இருப்பது இயல்பு. லேபுக்கு லேப் இந்த எல்லை கொஞ்சம் மாறும். அதனால் ரிப்போர்ட்டிலேயே பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எல்லையைத்தான் பார்க்க வேண்டும். பிறந்த குழந்தைக்கு இந்த எண்ணிக்கை இயல்பாகவே மிக அதிகமாக இருக்கும். கர்ப்பிணிகளுக்கும் கூடும். ஸ்டீராய்டு மாத்திரை, புகைப்பழக்கம், கடும் உடற்பயிற்சி, மன அழுத்தம் ஆகியவையும் எண்ணிக்கையை ஏற்றும்.

வெள்ளை அணு என்பது ஒரே வகை அல்ல. ஐந்து வகை உண்டு:

- நியூட்ரோபில்: பாக்டீரியா தொற்றை முதலில் எதிர்ப்பவை. பொதுவாக 40 முதல் 70 சதவீதம்.
- லிம்போசைட்: வைரஸ் எதிர்ப்பில் முக்கியமானவை. 20 முதல் 40 சதவீதம்.
- மோனோசைட்: 10 சதவீதத்துக்குள்.
- ஈஸ்னோபில்: அலர்ஜி, ஒட்டுண்ணித் தொற்று இருந்தால் கூடும். சில சதவீதம் மட்டுமே.
- பேசோபில்: மிகக் குறைவு. 1 சதவீதம் அளவில்தான் இருக்கும்.

மொத்த எண்ணிக்கையை 'டோட்டல் கவுண்ட்' என்றும், இந்த ஐந்தின் பங்கை 'டிஃபரன்ஷியல் கவுண்ட்' என்றும் சொல்வார்கள். கோடிங்குக்கு இந்த இரண்டாவது விவரம்தான் உயிர். மொத்தம் கூடியிருக்கிறது என்று மட்டும் சொன்னால் ஒரு கோட். எந்த வகை கூடியது என்று சொன்னால் வேறு கோட். ஏன் கூடியது என்று சொல்லிவிட்டால், பல நேரங்களில் வெள்ளை அணு கோடே தேவைப்படாது.

கோட் என்றால் என்ன? யார் உருவாக்கியது?

உலகம் முழுக்க நோய்களுக்குப் பொதுவான எண் கொடுக்கும் ஏற்பாடுதான் ஐசிடி. சர்வதேச நோய் வகைப்பாடு என்பது இதன் பொருள். 1893-ல் பிரெஞ்சுப் புள்ளியியலாளர் ஜாக் பெர்டில்லான் மரணக் காரணங்களுக்காகத் தயாரித்த பட்டியல்தான் இதன் தொடக்கம். பின்னர் உலக சுகாதார நிறுவனம் இதை ஏற்று நடத்தத் தொடங்கியது. பத்தாவது பதிப்பான ஐசிடி-10, 1990-ல் ஏற்கப்பட்டு 1994 முதல் நாடுகளில் புழக்கத்துக்கு வந்தது. அடுத்த பதிப்பான ஐசிடி-11, 2022 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது.

அமெரிக்கா ஐசிடி-10-ஐ எடுத்துத் தன் தேவைக்கு விரித்து எழுதிக்கொண்டது. அதன் பெயர் ஐசிடி-10-சிஎம். 2015 அக்டோபர் 1 முதல் அங்கே இது கட்டாயம். இதில் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோடுகள் உள்ளன. ஆண்டுதோறும் அக்டோபர் 1-ம் தேதி புதிய கோடுகள் சேரும், பழையவை மாறும்.

சென்னை, கோவை, திருச்சி என்று தமிழ்நாட்டில் பல ஊர்களில் இருக்கும் மெடிக்கல் கோடிங் அலுவலகங்களில் பெரும்பாலும் நடப்பது இந்த அமெரிக்கக் கோடிங்தான். அங்கே ஏதோ ஒரு ஊரில் ஒருவர் டிஸ்சார்ஜ் ஆனால், அவரது சார்ட்டைப் படித்துக் கோட் போடுபவர் இங்கே சோழிங்கநல்லூரில் உட்கார்ந்திருக்கலாம்.

ஒரே நோய், இரண்டு கோட்!

இந்திய மருத்துவமனைகள் பயன்படுத்துவது உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10. இங்கே வெள்ளை அணு கூடுதல், லிம்போசைட் குறைவு, மோனோசைட் கூடுதல் எல்லாவற்றுக்கும் பொதுவாக 'டி72.8' என்ற ஒரே கோட். அமெரிக்கப் பதிப்பில் இதையே பத்துக்கும் மேற்பட்டதாகப் பிரித்திருக்கிறார்கள்.

டிஃபரன்ஷியல் கவுண்டில் ஏதோ சரியில்லை, காரணம் தெரியவில்லை என்றால் இங்கே 'ஆர்72'. அமெரிக்கப் பதிப்பில் அப்படி ஒரு கோடே கிடையாது, அது 'டி72.9'-க்குள் போய்விடும். டெங்குவும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புதிய பதிப்புகளில் அது 'ஏ97'. அமெரிக்கப் பதிப்பில் இன்னமும் 'ஏ90'.

அதனால், நெட்டில் தேடிக் கிடைக்கும் கோடை நம் ஊர் டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். எந்தப் பதிப்பு என்பதை முதலில் பார்க்கணும்.

'டி72.829'-ஐ பிரித்துப் படிப்பது எப்படி?

முதல் எழுத்து 'டி'. ரத்தம், ரத்தம் உருவாகும் உறுப்புகள், நோய் எதிர்ப்பு அமைப்பு தொடர்பான கோளாறுகள் டி50 முதல் டி89 வரை வரும். அதில் 72 என்பது வெள்ளை அணுக் கோளாறுகள். புள்ளிக்குப் பிறகு வரும் எண்கள் விவரத்தைக் கூட்டிக்கொண்டே போகும்.

- டி72.81: வெள்ளை அணு குறைவு
- டி72.82: வெள்ளை அணு கூடுதல்
- கடைசி எண் 9: எந்த வகை என்று சொல்லப்படவில்லை

ஆக, டி72.829 என்றால் 'வெள்ளை அணு கூடியிருக்கிறது, எந்த வகை என்று குறிப்பிடப்படவில்லை' என்று பொருள். அவ்ளோதான். இது ஒரு நோயின் பெயர் அல்ல. மருத்துவமொழியில் 'லுகோசைட்டோசிஸ்' என்று டாக்டர் எழுதினால் வரும் கோட் இது.

அமெரிக்கப் பதிப்பில் அடிக்கடி வரும் மற்ற கோடுகள்:

- டி72.810: லிம்போசைட் குறைவு
- டி72.819: வெள்ளை அணு குறைவு, வகை குறிப்பிடப்படவில்லை. 'லுகோபீனியா' இங்கேதான் வரும்
- டி72.820: லிம்போசைட் கூடுதல்
- டி72.821: மோனோசைட் கூடுதல்
- டி72.823: லுகமாய்டு ரியாக்‌ஷன்
- டி72.824: பேசோபில் கூடுதல்
- டி72.825: பேண்டீமியா. அதாவது முழுதாக முதிராத நியூட்ரோபில்கள் ரத்தத்தில் கூடுதலாகத் தெரிவது
- டி72.828: குறிப்பிட்ட வேறு வகைக் கூடுதல்
- டி72.1-ன் கீழ் வருபவை: ஈஸ்னோபில் கூடுதல்
- டி70-ன் கீழ் வருபவை: நியூட்ரோபில் குறைவு

நம்ம ஊரில் 'ஈஸ்னோபீலியா இருக்கு' என்று சர்வ சாதாரணமாகச் சொல்வோம். அதற்கு முன்பு ஒரே கோட்தான் இருந்தது. 2020 அக்டோபர் 1 முதல் அமெரிக்கப் பதிப்பில் அதைப் பல துண்டுகளாகப் பிரித்துவிட்டார்கள். காரணம் தெரியாதது, மருந்து ஒவ்வாமையால் வருவது, வேறொரு நோயோடு வருவது என்று ஒவ்வொன்றுக்கும் தனி எண். அது நுரையீரலைப் பாதித்தால் டி72-லேயே வராது. 'ஜே82' என்ற நுரையீரல் பகுதிக்குப் போய்விடும்.

லேபில் 'ஹை' என்று வந்தாலே கோட் போட்டுவிடலாமா?

கூடாது. கோடிங் வேலைக்குச் சேரும் பலரும் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான்.

லேப் ரிப்போர்ட்டில் 18,000 என்று இருக்கலாம். சிவப்பு நிறத்தில் அடித்துக்கூட இருக்கலாம். ஆனால் சிகிச்சை தரும் டாக்டர் அதை ஒரு பிரச்சினையாக எழுதாத வரை, கோடர் அதற்குக் கோட் போடக் கூடாது. மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெறுவோருக்கு அமெரிக்க அதிகாரபூர்வ வழிகாட்டி இதை நேரடியாகவே சொல்கிறது: இயல்புக்கு மாறான பரிசோதனை முடிவுகளை, அவற்றின் மருத்துவ முக்கியத்துவத்தை டாக்டர் குறிப்பிட்டால் மட்டுமே கோட் செய்ய வேண்டும்.

காரணம் எளிது. 12,500 என்ற எண்ணிக்கை ஸ்டீராய்டு எடுப்பவருக்கு ஒரு பொருள், பிரசவமான தாய்க்கு ஒரு பொருள், வயிற்று வலியோடு வந்தவருக்கு வேறொரு பொருள். எண்ணுக்குப் பொருள் சொல்வது டாக்டரின் வேலை. அந்தப் பொருளுக்கு எண் கொடுப்பது கோடரின் வேலை. இரண்டும் கலக்கக் கூடாது.

சில டாக்டர்கள் அவசரத்தில் 'டபிள்யூபிசி' என்று எழுதிப் பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி போட்டுவிட்டுப் போவார்கள். அதுவும் நோயறிதல் ஆகாது. 'லுகோசைட்டோசிஸ்' என்று வார்த்தையில் எழுத வேண்டும்.

அப்போ கோடர் என்ன செய்யணும்? 'கொரி' என்றால் என்ன?

எண்ணிக்கை கூடியிருக்கிறது, டாக்டர் அதற்காக மறு பரிசோதனை எழுதியிருக்கிறார் அல்லது மருந்து தொடங்கியிருக்கிறார், ஆனால் காரணத்தை எங்கேயும் எழுதவில்லை. இந்த நிலையில் கோடர் டாக்டருக்கு முறைப்படி ஒரு கேள்வி அனுப்பலாம். இதற்குத் தொழில் வழக்கில் 'கொரி' என்று பெயர்.

கேள்வி கேட்பதிலும் ஒரு நேர்மை உண்டு.

தவறான கேள்வி: 'கவுண்ட் 18,500 இருக்கிறது. இது செப்சிஸ்தானே? உறுதி செய்யவும்.'

சரியான கேள்வி: 'கவுண்ட் 18,500. காய்ச்சல் பதிவாகியுள்ளது. ஆன்டிபயாடிக் தொடங்கப்பட்டுள்ளது. இந்த எண்ணிக்கையின் மருத்துவ முக்கியத்துவத்தைக் குறிப்பிட முடியுமா?'

முதல் கேள்வி பதிலை டாக்டரின் வாயில் திணிக்கிறது. செப்சிஸ் என்று எழுதினால் மருத்துவமனைக்குக் கிடைக்கும் பணம் கூடும் என்பதால் இது வெறும் நாகரிகப் பிரச்சினை இல்லை. தெரிந்தே பொய்யான கிளைம் அனுப்பினால் அமெரிக்காவில் பொய்க் கிளைம் தடுப்புச் சட்டத்தின் கீழ் பெரும் அபராதம் வரும்.

வெள்ளை அணு எண்ணிக்கையை மட்டும் வைத்துச் செப்சிஸ் என்று சொல்வதும் முடியாது. 1992-ல் வந்த பழைய வரையறையில் 12,000-க்கு மேல் அல்லது 4,000-க்குக் கீழ் என்பது ஒரு அளவுகோலாக இருந்தது. 2016-ல் வந்த புதிய வரையறை, தொற்றால் உறுப்புகள் செயலிழக்கின்றனவா என்று பார்க்கிறது. அதற்கான மதிப்பெண் கணக்கில் வெள்ளை அணு எண்ணிக்கையே இல்லை. இரண்டு வரையறைகளும் புழக்கத்தில் இருப்பதால், மருத்துவமனை ஒன்றைச் சொல்ல, இன்சூரன்ஸ் தரப்பு மற்றதைச் சொல்ல, கிளைம் இழுபறியாவது அங்கே வழக்கமான கதை.

நிமோனியாவும் இருக்கு, கவுண்டும் கூடியிருக்கு... இரண்டு கோடா?

இல்லை. நிமோனியா வந்தால் வெள்ளை அணு கூடுவது அந்த நோயின் ஒரு பகுதிதான். நோயோடு வழக்கமாகவே வரும் அறிகுறிக்குத் தனியாகக் கோட் போடக் கூடாது என்பது விதி. டாக்டர் 'நிமோனியா, லுகோசைட்டோசிஸ்' என்று இரண்டையும் எழுதியிருந்தாலும் நிமோனியாவுக்கான ஜே18.9 மட்டும் போதும். அடுப்பு எரிகிறது என்று சொன்ன பிறகு புகை வருகிறது என்று தனியாக எழுத வேண்டியதில்லை.

பேண்டீமியாவுக்கு இந்த விதி கோட் புத்தகத்திலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. தொற்று உறுதியானால் தொற்றுக்கு மட்டும் கோட் போடு, டி72.825 வேண்டாம் என்ற குறிப்பு அங்கே இருக்கும். தொற்று எங்கே என்று இன்னும் பிடிபடாத நிலையில்தான் அந்தக் கோடுக்கு வேலை.

அதே நேரம், கூடியதற்குக் காரணம் நோயே இல்லை, கொடுத்த ஸ்டீராய்டுதான் என்று டாக்டர் எழுதினால் கதை வேறு. அப்போது வெள்ளை அணு கூடுதலுக்கு ஒரு கோட், மருந்தின் பக்கவிளைவு என்பதைக் காட்ட இன்னொரு கோட்.

குறைந்தால்தான் ஆபத்து அதிகம்: ஒரு கணக்கு

'வெள்ளை அணு குறைவு', 'நியூட்ரோபில் குறைவு' இரண்டும் கேட்க ஒன்று போல இருக்கும். இரண்டுக்கும் கோட் வேறு, ஆபத்தும் வேறு.

நியூட்ரோபிலின் உண்மையான எண்ணிக்கையைக் கண்டுபிடிக்க மொத்த எண்ணிக்கையை நியூட்ரோபில் சதவீதத்தால் பெருக்க வேண்டும். முதிராத பேண்ட் செல்கள் ரிப்போர்ட்டில் தனியாக வந்தால் அவற்றையும் சேர்க்க வேண்டும். 1,500-க்குக் கீழே போனால் நியூட்ரோபீனியா. 500-க்குக் கீழே போனால் கடுமையான நியூட்ரோபீனியா.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம்.

- முதல் நபர்: மொத்தம் 2,800. நியூட்ரோபில் 60 சதவீதம். கணக்கு 1,680. வெள்ளை அணு குறைவு உண்டு, நியூட்ரோபீனியா இல்லை.
- இரண்டாம் நபர்: மொத்தம் 3,000. நியூட்ரோபில் 15 சதவீதம். கணக்கு 450. இது கடுமையான நியூட்ரோபீனியா.

மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இரண்டாம் நபர்தான் பரவாயில்லை போலத் தோன்றும். உண்மையில் ஆபத்தில் இருப்பவர் அவர்தான்.

டெங்குவில் வெள்ளை அணு குறைவு அடிக்கடி காணப்படும். வைரஸ் காய்ச்சலில் வெள்ளை அணு இறங்கும், காய்ச்சல் தணிந்த பிறகு மெல்ல ஏறும். நோய் டெங்கு என்று உறுதியானால் கோட் டெங்குவுக்குத்தான்.

இரண்டாம் நபர் கீமோதெரபி எடுப்பவராக இருந்தால் அது டி70.1, அதாவது புற்றுநோய் மருந்தால் வந்த நியூட்ரோபீனியா. அதோடு புற்றுநோய்க்கான கோட், மருந்தின் பக்கவிளைவுக்கான கோட், காய்ச்சல் இருந்தால் ஆர்50.81 ஆகியவையும் சேரும். இங்கே டாக்டர் வெறும் 'லுகோபீனியா' என்று எழுதிவிட்டால் கோட் டி72.819 ஆகிவிடும். உயிருக்கு ஆபத்தான ஒரு நிலை, காகிதத்தில் ஒரு சாதாரண குறைபாடாகச் சுருங்கிவிடும். கோடர் தானே கணக்குப் போட்டு நியூட்ரோபீனியா என்று மாற்றவும் முடியாது. கேட்டு எழுதித்தான் வாங்க வேண்டும்.

சிவப்பணு, வெள்ளை அணு, தட்டணு மூன்றும் குறைந்திருந்தாலும் இதே விதிதான். மூன்றையும் பார்த்து 'பான்சைட்டோபீனியா' என்று முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர்.

கவனிக்க: கீமோதெரபி எடுப்பவருக்கு ஒரு முறை 101 டிகிரி ஃபாரன்ஹீட் அளவில் காய்ச்சல் அடித்தாலும், அல்லது 100.4 டிகிரிக்கு மேல் ஒரு மணி நேரம் நீடித்தாலும் அது அவசர நிலை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பாரசிட்டமால் போட்டுவிட்டு இருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஒரு வார்த்தை மாறினால் புற்றுநோய்!

'லுகமாய்டு ரியாக்‌ஷன்', 'லுகீமியா' இரண்டும் காதுக்கு அண்ணன் தம்பி போல ஒலிக்கும். பொருளோ முற்றிலும் வேறு.

கடுமையான தொற்று போன்ற காரணங்களால் எண்ணிக்கை 50,000-ஐத் தாண்டிப் போவதுண்டு. ரத்தப் புற்றுநோய் போலவே தெரியும், ஆனால் புற்றுநோய் இல்லை. இதுதான் லுகமாய்டு ரியாக்‌ஷன். கோட் டி72.823. லுகீமியா என்பது ரத்தப் புற்றுநோய். அதன் கோடுகள் சி91 முதல் சி95 வரை. நோய் கட்டுக்குள் வரவில்லையா, வந்துவிட்டதா, திரும்ப வந்திருக்கிறதா என்பதையும் அந்தக் கோடின் கடைசி எண் காட்டும்.

இன்னொரு சிக்கல் 'சந்தேகம்' என்ற வார்த்தை. கவுண்ட் 40,000. ஹீமட்டாலஜி டாக்டரிடம் அனுப்பும்போது 'லுகீமியாவாக இருக்கலாம், பரிசோதிக்கவும்' என்று எழுதுகிறார்கள். இதற்கு என்ன கோட்?

அமெரிக்க விதிப்படி, புறநோயாளியாக வந்தவருக்கு 'இருக்கலாம்', 'சந்தேகம்' என்று எழுதிய நோய்க்குக் கோட் போடவே கூடாது. உறுதியாகத் தெரிந்தது எதுவோ அதற்கு மட்டும்தான். இங்கே தெரிந்தது வெள்ளை அணு கூடுதல். எனவே டி72.829 போதும். ஆனால் மருத்துவமனையில் சேர்ந்து, டிஸ்சார்ஜ் ஆகும்போதும் 'லுகீமியாவாக இருக்க வாய்ப்பு அதிகம்' என்று எழுதியிருந்தால், அந்த நோய் இருப்பதாகவே எடுத்துக் கோட் போட விதி இடம் தருகிறது.

இந்த வித்தியாசம் தெரியாமல் புறநோயாளி சார்ட்டில் லுகீமியா கோட் போட்டால் என்ன ஆகும்? அடுத்த பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் அந்த நபரின் பதிவில் 'ரத்தப் புற்றுநோய்' நிற்கும். அடுத்த முறை பாலிசி எடுக்கும்போது, வேறு டாக்டரிடம் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும். 'டி72.829' என்ற மொட்டையான கோடுக்கு மரியாதை இருப்பது இந்த இடத்தில்தான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் கோட் அது.

இந்தியாவில் இது நம்மை எப்படிப் பாதிக்கும்?

இங்கே ஆயிரக்கணக்கான கோடுகளை வைத்துப் பில் போடும் பழக்கம் அமெரிக்கா அளவுக்கு இல்லை. ஆனாலும் மருத்துவமனை நிரப்பும் காப்பீட்டு கிளைம் படிவத்தில் முதன்மை நோய், கூடுதல் நோய், உடனிருக்கும் நோய் என்று ஐசிடி-10 கோடுகளுக்குத் தனி இடமே இருக்கிறது.

நாம் கவனிக்க வேண்டிய ஒரு விதி உண்டு. இந்திய காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், மருத்துவக் காப்பீட்டில் எதற்கெல்லாம் பணம் கிடைக்காது என்பதற்குப் பொதுவான வாசகங்களை வகுத்திருக்கிறது. அதில் நான்காவது, பரிசோதனைக்காக மட்டுமே மருத்துவமனையில் சேர்வது. அப்படிச் சேர்ந்தால் கிளைம் கிடையாது.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஐந்து நாள் காய்ச்சலோடு சேர்ந்து, நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றி, குணமாகி வீட்டுக்கு வருகிறார் ஒருவர். டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயறிதல் இடத்தில் 'லுகோசைட்டோசிஸ், காரணம் அறியப் பரிசோதனை' என்று மட்டும் இருக்கிறது. சிகிச்சை உண்மையில் நடந்திருக்கிறது. ஆனால் படிக்கும் கிளைம் அதிகாரிக்கு இது பரிசோதனைக்காகச் சேர்ந்தது போலத்தான் தெரியும். நிராகரிக்க அந்த ஒரு வரி போதும்.

டிஸ்சார்ஜ் ஆகும் முன் என்ன பார்க்க வேண்டும்?

- நோயறிதல் இடத்தில் வெறும் எண்ணிக்கைக் கோளாறு மட்டும் இருக்கிறதா, அதற்கான காரணமும் இருக்கிறதா என்று பாருங்கள். காரணம் கண்டுபிடிக்கப்பட்டிருந்தால் அதை எழுதித் தரக் கேளுங்கள்.
- சேரும்போது இருந்த கவுண்ட், டிஸ்சார்ஜ் ஆகும்போது இருந்த கவுண்ட் இரண்டும் பதிவாகியிருக்கிறதா?
- கொடுத்த மருந்து, எத்தனை நாள், நரம்பு வழியாகவா என்ற விவரம் உள்ளதா?
- 'சந்தேகம்' என்று எழுதிய நோய் பின்னால் இல்லை என்று தெரிந்திருந்தால், 'இல்லை என உறுதியானது' என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்.
- ஸ்டீராய்டு போன்ற மருந்துகளை ஏற்கெனவே எடுத்து வந்தால் அது குறிப்பில் இருக்க வேண்டும்.

இல்லாத நோயை எழுதச் சொல்லிக் கேட்பது தவறு. நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

மருத்துவப் பதிவுகளின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும், பதிவுகளை 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன. கிளைம் நிராகரிக்கப்பட்டால் முதலில் இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது.

சில கேள்விகள், சுருக்கமான பதில்கள்

*கவுண்ட் கூடினாலே பயப்படணுமா?*
தேவையில்லை. தொற்று, அழற்சி, மருந்து, மன அழுத்தம் என்று பெரும்பாலும் தற்காலிகக் காரணங்கள்தான். ஆனால் காரணம் இல்லாமல் தொடர்ந்து கூடிக்கொண்டே போனால், அல்லது எடை குறைவு, இரவில் வியர்வை, கழுத்தில் கட்டி, அடிக்கடி ரத்தக் கசிவு போன்றவை சேர்ந்திருந்தால் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

*மெடிக்கல் கோடிங் வேலைக்கு என்ன படித்திருக்கணும்?*
உயிரியல் சார்ந்த பட்டதாரிகள், நர்சிங், ஃபார்மசி, பிசியோதெரபி படித்தவர்களை அதிகம் எடுக்கிறார்கள். சிபிசி, சிசிஎஸ் போன்ற சான்றிதழ்கள் கூடுதல் பலம். இங்கே சிபிசி என்பது கோடர் சான்றிதழ். ரத்தப் பரிசோதனையையும் தமிழில் சிபிசி என்றே எழுதுகிறோம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

*கம்ப்யூட்டரே கோட் போட்டுவிடாதா?*
சார்ட்டைப் படித்துக் கோட் பரிந்துரைக்கும் மென்பொருள்கள் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளன. ஆனால் டாக்டர் எழுதாததை மென்பொருளும் எழுதக் கூடாது. 'லுகோபீனியா' என்று எழுதிய இடத்தில் நியூட்ரோபீனியாவா என்று கேட்க ஒரு ஆள் வேண்டும்.

*என் டிஸ்சார்ஜ் சம்மரியில் கோட் தவறாக இருக்கு. மாற்ற முடியுமா?*
முடியும். கோட் மட்டும் தவறு என்றால் மருத்துவமனையின் மருத்துவப் பதிவுத் துறையிடம் சொல்லுங்கள். நோயறிதலே தவறு என்றால் சிகிச்சை தந்த டாக்டர்தான் திருத்தி, தேதியோடு கையெழுத்திட வேண்டும். கிளைம் அனுப்பும் முன் இதைச் செய்துவிட்டால் அலைச்சல் மிச்சம்.

அடுத்த முறை ரத்த ரிப்போர்ட் கைக்கு வரும்போது, தடித்த எழுத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்துப் பதறுவதற்கு முன் டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். 'எந்த வகை அணு மாறியிருக்கு? அதுக்கு என்ன காரணம்?' இந்த இரண்டுக்கும் கிடைக்கும் பதில் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பில் கவுண்டருக்குப் போங்கள்.